சலவைக்கடை ஆடு

"இதை யார் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார் மெல்பர்ன் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி. அவர் கையில் இருந்தது திப்பிலி.

"பிள்ளை பெற்ற தாய்மார்கள்" என்றேன்.

அடுத்து சுக்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்த் தும்மினார். லேகிய டப்பாவைத் திறந்து பார்த்து உடனே மூடினார். சுண்டைக்காய் வற்றலில் விதை இருக்கிறது என்று அதை மட்டும் எடுத்து ஒரு மஞ்சள் தொட்டியில் போட்டார். அம்மா மொட்டை மாடியில் வெயில் பார்த்துப் பார்த்து உலர்த்தியது. எனக்கு அழுகை வந்தது. படிவத்தில் எழுதாமல் விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். எழுதாமல் விட்டுப் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து உடனே நடுங்கினேன். நான் அப்படித்தான்.

பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. அதையும் எடுத்தார். ஒரே வரிசையில் ஐந்து படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதிய தமிழ்ப் பாட்டு.

"ஆடு காலுறையைத் தின்கிறதா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இல்லை, கொடுக்கிறது" என்றேன்.

"நல்ல ஆடு" என்று பெட்டியை மூடினார்.

என் ஐந்து வயது மகள் கயல் அவருக்கு டாட்டா காட்டினாள்.

நான் வந்தது பிள்ளை பெற்ற தங்கை வித்யாவைப் பார்த்துக்கொள்ள. அம்மாதான் வந்திருக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதால் அம்மாவின் இடத்தில் நான். ஒரு மாதம் பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டல், துணி துவைத்தல். அந்தத் தாள் மட்டும் என் சொந்த வேலை.

கயல் பிறப்பதற்கு முன்பு சென்னையில் ஒரு சிறுவர் மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறகு ஐந்து வருடங்கள் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பெயர்களும் தடுப்பூசித் தேதிகளும்தான். இந்த நிலையில் வித்யாவின் கணவர் செந்தில் மெல்பர்னிலிருந்து மின்னஞ்சலில் ஒரு படத்தை அனுப்பினார். அலுவலகத்துக்குப் போகும் வழியில் கால்ஃபீல்டு நிலையத்தில் இறங்கி அவர் சட்டை துவைக்கப் போடும் கடையில் சட்டமிட்டு மாட்டியிருந்ததாம். கடைக்கார அம்மாளின் அப்பா வரைந்ததாம். அந்தக் காலத்து டெல் அவீவ் நகரில் குழந்தைகளுக்காக வந்த ஹீப்ரு வார இதழ் ஒன்றின் படக்கதைப் பக்கம். "கதை என்னன்னு கேட்டேன். ஆடும் துணியும்னு சொன்னாங்க, அதுக்குள்ள வேற ஆள் வந்துட்டாங்க" என்று எழுதியிருந்தார்.

படக்கதைகள் ஒவ்வொரு மொழியிலும் முதலில் எப்படி வந்தன என்று எங்கள் இதழில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஆசிரியரிடம் காட்டினேன்.

"பிரமாதமா இருக்கேம்மா. நீயே தமிழ்ல பாட்டு எழுதிப் பாரு" என்றார். பிறகு, "அந்த ஊருக்குத்தான் போறியே, அந்த அம்மாவை நேர்ல பாத்து சம்மதம் வாங்கிட்டு வந்துடு. அவங்க முடியாதுன்னா விட்டுடுவோம். நரிக் கதை ஒண்ணு கைவசம் இருக்கு" என்றார்.

அந்த நரி என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தப் பக்கம் அச்சானால், பழையபடி வேலைக்கு வரலாமா என்று நான் கேட்கலாம். நரி வந்துவிட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

செந்தில் வீடு கிரான்பர்னில். தெருவில் எல்லா வீடுகளும் ஒரே நாளில் பிறந்தவை போல இருந்தன. வந்த மறுநாள் குப்பையை வெளியே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க முயன்றேன். திறந்தவர் இந்திராணி அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"வாரும், வாரும். வீடு மாறித்தான் வந்தனீர், எண்டாலும் உள்ளுக்கு வாரும்" என்று குசினி என்று அவர் சொல்லும் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். கயலுக்குப் பால்தேநீர். எனக்குப் பிரசவ அறிவுரை.

அந்த வருடம் மெல்பர்னில் மழை பொய்த்திருந்தது. குளியலறையில் ஷவருக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. குளித்த தண்ணீர் செடிக்கு. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி வளர்ந்தவள் நான். அந்த வாளியைப் பார்த்ததும் வெளிநாட்டுக்கு வந்த பயம் பாதி போய்விட்டது.

சனிக்கிழமை செந்தில் வீட்டில் இருந்தார். "இன்னிக்குப் போயிட்டு வந்துடுங்க அண்ணி. கடை ஸ்டேஷன் வாசல்லயே. ஆடு போட்ட போர்டு, தப்பவே முடியாது." காலையில் அம்மா தொலைபேசியில் வந்தார். கால்ஃபீல்டு போகிறேன் என்றேன். 

"பச்சை உடம்புக்காரியை விட்டுட்டு ஊர் சுத்தப் போறியா?"

"வேலைம்மா."

"அதான் விட்டுட்டியேடி அந்த வேலையை."

பூண்டுக் குழம்பு வைத்து, ரசம் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு ஓடினேன்.

ரயிலில் எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் நான்கு நிமிடத்தில் குளித்துவிடுகிறார். ரோஜாவுக்குத் தண்ணீர் போதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று கெஞ்சுகிறேன்." மற்றவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கால்ஃபீல்டு வந்தது. கயலின் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று நின்றேன். அந்தப் பக்கம் நடைமேடையில் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சைகை காட்டினார். நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். ரயில் புறப்பட்டுவிட்டது. சென்னை மின்சார ரயிலில் கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது எப்போதும் திறந்தேதான் கிடக்கும். இங்கே கைப்பிடியைப் பிடித்து நாமே இழுக்க வேண்டுமாம். அடுத்த நிலையத்தில் ஒரு பள்ளிச் சிறுமி இழுத்துக் காட்டினாள். எதிர் ரயில் பிடித்துத் திரும்பினோம்.

கால்ஃபீல்டில் இறங்கியதும் கயல் கத்தினாள். "அம்மா! நம்ம ஆடு!"

கடை நெற்றியில் பலகை. நடுவே ஆடு, வாயில் பாதி தொங்கும் காலுறை. கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. தெருவே பாதி மூடிக் கிடந்தது. கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டுமாக ஒரு தந்தை, பின்னால் அளவு வாரியாக ஐந்தாறு குழந்தைகள், எல்லோரும் நல்ல உடையில் நடந்து போனார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். யூதர்களின் மொழி இதழைப் பற்றி எழுத வந்தவள், அவர்களுடைய கடைக்குச் சனிக்கிழமை வந்து நிற்கிறேன். ஆசிரியர் பார்த்திருந்தால் நரியை அப்போதே அச்சுக்கு அனுப்பியிருப்பார்.

கயலுக்கு ஏமாற்றமே இல்லை. கழுத்தை அண்ணாந்து வைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடு சாக்ஸ் குடுக்குதும்மா. இங்கயும்" என்றாள்.

நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்யாவுக்கு மதியச் சாப்பாட்டு வேளை.

இந்திராணி அன்ரி கதையைக் கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "கதவு தானாத் திறக்குமெண்டு நிண்டனீரோ? நான் வந்த புதுசிலை ரெண்டு ஸ்ரேஷன் தாண்டிப் போனனான். மனுசன் தேடிக்கொண்டு வந்தவர்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "செவ்வாய்க்கிழமை போம். தங்கச்சியை நான் பாக்கிறன்."

"அம்மா திட்டுவாங்க அன்ரி."

"அம்மாவுக்கு ஆர் சொல்லப் போகினம்? நீர் போயிட்டு வாரும்."

செவ்வாய்க்கிழமை கதவை நானே இழுத்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

கடைக்குள் நுழைந்ததும் கயல் வாயைப் பிளந்தாள். கூரையிலிருந்து தொங்கிய தண்டவாளத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகள் வரிசையாக ஊர்ந்து வந்தன. பின்னால் நின்ற பெண்மணி பொத்தானை விட்டதும் அவை நின்றன. அறுபதைத் தாண்டியவர். குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி.

"ரசீது?" என்றார்.

"துணி வாங்க வரவில்லை. நான் செந்திலின் மைத்துனி. சென்னை."

"ஆ! ஐந்து வெள்ளை, ஒரு நீலம், காலரில் எப்போதும் மஞ்சள்" என்றார். "பெண் குழந்தையாமே. சட்டைத் தோளில் பால் கறை வர ஆரம்பித்துவிட்டது." கை நீட்டினார். "மிரியம்."

பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. கயலுக்கு அந்தக் கஷ்டமில்லை. முதல் நிமிடமே 'ஆட்டு ஆன்ட்டி' ஆக்கிவிட்டாள்.

பின்னறையில் இஸ்திரிச் சூடு. பாலில்லாத தேநீரில் எலுமிச்சை மிதந்தது. "இது டீ இல்லம்மா" என்று கயல் என் காதில் சொன்னாள். கருப்பாகச் சுருண்ட ஒரு கேக்கை வெட்டி வைத்தார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கசகசா! குருமாவில் அரைத்து ஊற்றுகிற அந்தக் கசகசாவை இவர்கள் சர்க்கரையோடு அரைத்துக் கேக்குக்குள் சுருட்டுகிறார்கள். நான் கொண்டுபோன முறுக்கை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என்ன?"

"அரிசி மாவு, உளுந்து, வெண்ணெய்." எனக்கு வியர்த்தது. அவர்களுக்குச் சாப்பாட்டு விதிகள் உண்டு என்று படித்திருந்தேன். எண்ணெயா, பாத்திரமா, எதில் தப்பு செய்தேன்?

"வெண்ணெயா? இறைச்சி சாப்பிட்ட பிறகு பாலும் வெண்ணெயும் தொடக்கூடாது. நான் மதியம் கோழி சாப்பிட்டேன்" என்றவர் முறுக்கை நொறுக்கென்று கடித்தார். "என் தம்பியிடம் சொல்லாதே. சனிக்கிழமை கடையை மூடுவதும் அவனுக்காகத்தான்."

என் மாமியார் வீட்டில் மடி, பத்து, எச்சில் என்று இருக்கும் சட்டங்களைச் சொன்னேன். தயிர் தொட்ட கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது என்றதும் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்படியானால் உனக்கு விளக்கவே வேண்டாம்."

பிறகு அலமாரியிலிருந்து இரண்டு கனத்த பைண்டு புத்தகங்களை இறக்கினார். அவருடைய அப்பா சேர்த்துக் கட்டிவைத்த இதழ்கள். காகிதம் பழுத்து, ஓரம் உதிர்ந்தது.

அவர் சொன்னதை என் மொழியில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீப்ருவில் குழந்தைகளுக்கான பத்திரிகைகள் இஸ்ரேல் என்ற நாடு உருவாவதற்கு முன்பே, வார்சா போன்ற ஐரோப்பிய நகரங்களில் வந்திருக்கின்றன. அவற்றில் படம் குறைவு, புத்திமதி அதிகம். முப்பதுகளில் டெல் அவீவில்தான் செய்தித்தாள்கள் குழந்தைகளுக்கென்று தனி இதழ்கள் போட, கடைசிப் பக்கத்தில் படக்கதை குடியேறியது. பாத்திரங்களின் வாயிலிருந்து பலூன் கிளம்பிப் பேசுவதைப் பத்திரிகைக்காரர்கள் விரும்பவில்லை. அது இலக்கியமில்லையாம். அதனால் படத்துக்குக் கீழே எதுகை மோனையோடு பாட்டு. படம் போடுபவர் ஒருவர், பாட்டுக் கட்டுபவர் ஒருவர்.

"படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் யாருக்கும் அந்த மொழி ஒழுங்காகத் தெரியாது" என்றார் மிரியம். "என் அம்மா போலந்திலிருந்து வந்தவள். பெரியவர்களின் செய்தித்தாளை அவளால் படிக்க முடியாது. எங்கள் எழுத்தில் மெய்தான் இருக்கும், உயிரொலியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் மட்டும் உதவிக்குப் புள்ளி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் பாட்டைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். ஏழு வயதில் நான் என் அம்மாவுக்கு வாத்தியார்."

எங்களிடம் எல்லாம் தலைகீழ் என்றேன். வெளிநாட்டுக்குப் போன தமிழ் வீடுகளில் அம்மாக்கள் பிள்ளைகளின் பின்னால் ஆனா ஆவன்னாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "ஓடட்டும்" என்றார். "ஆனால் ஆடு இருந்தால் ஓட வேண்டியதில்லை."

அப்பாவின் முதல் வேலை, வெளிநாட்டுப் படக்கதைகளை மெல்லிய தாளில் நகலெடுப்பது. அவற்றில் ஆட்கள் இடமிருந்து வலமாக ஓடுவார்கள். ஹீப்ரு வாசகனுக்கு அது பின்னோக்கி ஓடுவது மாதிரி. எனவே நகலெடுத்த தாளைக் கவிழ்த்துப் போட்டு அச்சுக்கு அனுப்புவார்கள். ஊரில் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். சட்டைப் பொத்தான் இடம் மாறும், கடிகாரம் பின்னால் போகும். அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு கையாகத் திருத்துவாராம். அலுத்துப்போய்ச் சொந்தமாகவே வரையத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் ஆடு.

நான் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தேன். இதையெல்லாம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

"சரி, உன் பக்கத்தைக் காட்டு. உன் மொழியிலேயே படி. சத்தம் கேட்க வேண்டும் எனக்கு."

தாளை விரித்தேன்.  இடது ஓரத்துப் படத்தில் விரலை வைத்துப் படித்தேன்.

"காலி யான கொடியைப் பார்த்துக்
கன்னம் தாங்கி நின்றாள் அம்மா.
வேலி யோரம் வந்த ஆடு
வேண்டும் துணிகள் தந்த தம்மா!"

பிறகு ஆங்கிலத்தில் கதையைச் சொன்னேன். முதல் படத்தில் கொடியில் ஒரு துணியும் இல்லை. அம்மா திகைத்து நிற்கிறாள். பக்கத்தில் வயிறு புடைத்த ஆடு. இரண்டாவதில் ஆடு வாயிலிருந்து ஒரு சட்டையைத் தருகிறது. மூன்றாவதில் காலுறை. நான்காவதில் கொடி நிறைந்துவிட்டது, ஆடு மெலிந்துவிட்டது. கடைசியில் அம்மா சிரித்துக்கொண்டு போகிறாள். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னதே கயல்தான். படம் வந்த அன்று மடியில் உட்கார்ந்து விரல் வைத்து வைத்துச் சொன்னாள். நான் பாட்டு மட்டும் கட்டினேன்.

மிரியம் தாளின் மேல் குனிந்தார். அவருடைய விரல் வலது ஓரத்துப் படத்தின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

"நீ எங்கிருந்து தொடங்கினாய்?" என்றார்.

அப்போது கடை மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். வெளியே யாரோ திரைச்சீலை விலை கேட்டார்கள்.

எதிரே அந்தப் பைண்டு புத்தகம் திறந்து கிடந்தது. அதன் முதுகு வலது பக்கம். அட்டை, நாம் கடைசிப் பக்கம் என்று நினைக்கும் இடத்தில்.  ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். உருதுவைப் போல என்று கட்டுரையின் முதல் பத்தியில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுத்துக்குத்தான் திசை, படத்துக்கு ஏது திசை என்று மனம் நினைத்துவிட்டது. வலது ஓரம்தான் முதல் படம். கொடி நிறையத் துணி, அம்மா காயப்போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள். மெலிந்த ஆடு வருகிறது. காலுறை. சட்டை. கொடி காலி. சுங்க அதிகாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை நான் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியும் பார்க்கவில்லை.

ஐந்து வருட இடைவெளி இப்படித்தான் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றியது. அம்மா சொன்னது சரி. வித்யா சாப்பிட்டாளோ, குழந்தை அழுகிறதோ. தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாமா?

மிரியம் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அது கற்பனை இல்லை" என்றார். "பக்கத்து வீட்டு ஆடு. அப்பாவிடம் நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது. அதைத் தின்றுவிட்டது. புது வேலை கேட்கப் போக வேண்டிய நாளில் பனியனோடு போனார். தெரு முழுக்கச் சிரித்தது. அந்தக் கோபத்தில் வரைந்தது இது. நீ அந்தத் திருட்டு ஆட்டை மகானாக்கிவிட்டாய்."

"மாற்றி எழுதிவிடுகிறேன். இன்றைக்கே."

"எழுது. ஆனால் இப்படியே போட நான் சம்மதிக்க முடியாது. அப்பாவின் பகடியே போய்விடும்."

கயல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா சொல்றாங்க?"

"ஆடு துணியைத் தின்னுடுச்சாம் கயல். நாமதான் மாத்திப் படிச்சுட்டோம்."

"இல்ல! குடுக்குது!"

"ஆன்ட்டியோட அப்பா வரைஞ்சதுடா. அவங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியல. வெளிய போர்டுல பாருங்க!" மிரியமின் கையைப் பிடித்து இழுத்தாள். தமிழில்தான் கத்தினாள். இழுத்த இழுப்பு அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

நடைபாதையில் மூவரும் அண்ணாந்து நின்றோம். கயல் குதிகாலை உயர்த்திக் கையை நீட்டிக் காட்டினாள். "இங்க பாருங்க, இந்தப் பக்கம் கொடியில ஒண்ணுமே இல்ல. நடுவுல ஆடு. அந்தப் பக்கம் கொடி ஃபுல்லா துணி. குடுத்துடுச்சு!"

நான் மொழிபெயர்த்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மிரியம் பலகையைப் பார்த்தார். ஆட்டுக்கு இடது பக்கம் வெறும் கயிறு. வலது பக்கம் சட்டைகள், காலுறைகள், ஒரு கவுன். கடைப் பெயர் ஆங்கிலத்தில், இடமிருந்து வலமாக அதன் கீழே ஓடியது.

"யார் வரைந்தது?" என்று கேட்டேன்.

"அப்பா. கடை வாங்கிய வருஷம். இந்த ஊருக்கு வந்தபின் அவர் வரைந்த ஒரே படம் இது."

ஒரு ட்ராம் மணி தொலைவில் கேட்டது. இஸ்திரிக்குக் கொடுக்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துத் தானும் அண்ணாந்தார்.

"நாற்பது வருஷமாக வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள்" என்றார் மிரியம் மெல்ல. "துணி தின்னும் ஆட்டைச் சலவைக்கடைக்கு யாராவது போடுவார்களா என்று. எனக்கும் வெட்கம்தான். அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன், பலகையை மாற்று என்று. அவர் சிரிப்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். நான் எப்போதும் இதை வலது பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். துணி நிறைய, பிறகு ஆடு, பிறகு ஒன்றுமில்லை."

"ஒருவேளை அவர்..."

"ஒருவேளை" என்று என்னை நிறுத்தினார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது அப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இஸ்திரிக்கு வந்தவர், "ஆடு துணியைத் திருப்பித் தருகிறது. நான் எப்போதும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இங்கே வருகிறேன்" என்றார்.

மிரியம் அவரைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் சொல்லவில்லையே!"

"நீங்கள் கேட்கவில்லையே" என்றார் அவர். மிரியம் சிரித்த சிரிப்பில் கழுத்துக் கண்ணாடி குலுங்கியது.

உள்ளே போய் அவர் பேனாவை எடுத்தார். உடனே கையெழுத்துப் போடவில்லை. "இரண்டையும் போடு" என்றார். "மேலே உன் மகளின் கதை. இடமிருந்து வலம். கீழே அப்பாவின் கதை. வலமிருந்து இடம். அதையும் நீயே பாட்டாக எழுத வேண்டும். திருட்டு ஆடு என்று வர வேண்டும். அதில் கருணை காட்டாதே."

"திருட்டு ஆடு" என்று எழுதிக்கொண்டேன்.

"இதழ் வந்ததும் ஒன்று அனுப்பு. அதை அப்பாவின் சட்டமிட்ட பக்கத்துக்கு அருகில் மாட்டுவேன்." அதன் பிறகுதான் கையெழுத்து. வலமிருந்து இடமாகப் போட்டு, மை காயும் முன்பே தாளை என்னிடம் தள்ளினார். கயலின் சட்டையில் கசகசா ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிவிட்டு, "இதற்குக் காசு இல்லை" என்றார்.

திரும்பும் ரயிலில் கயல் தூங்கிவிட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் கதவை இழுத்துக் கிரான்பர்னில் இறங்கினேன். வீட்டில் இந்திராணி அன்ரி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணடித்தார். "ஓம் அக்கா, உங்கட மூத்த பிள்ளை நல்லாப் பாக்கிறா. இப்ப குசினியிலை நிக்கிறா. இந்தா, குடுக்கிறன்" என்று கருவியை நீட்டினார்.

"அம்மா, நான் கால்ஃபீல்டு போயிட்டு வந்தேன்" என்றேன். அன்ரி தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்துக் கிடைச்சுடுச்சு. இரண்டு பாட்டா போடச் சொல்லிட்டாங்க."

அம்மா கேட்டார்: "வித்யா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாம்மா."

"இரண்டு பாட்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளமா? ரெண்டு வாங்கு" என்றார்.

மறுநாள் பின்முற்றத்தில் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டேன். இந்த ஊரில் கொடி குடை மாதிரி. நடுவே ஒரு கம்பம், சுற்றிலும் கம்பிகள், தள்ளினால் சுற்றும். கயல் அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள். காலுறைகளும் இடுப்புத் துணிகளும் வந்து வந்து போயின. நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, 'திருட்டு ஆடு' என்பதற்கு எதுகை தேடினேன்.

கயல் கம்பியை நிறுத்தினாள்.

"அம்மா, அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா தின்னுது. இந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா குடுத்துடுது."

"ஆமாடா."

"அப்போ ஆட்டுக்கு வயிறு வலிக்காது" என்றாள், பெரிய கவலை ஒன்று தீர்ந்தவள் போல. மறுபடி சுற்றிவிட்டாள்.